தள்ளும்போது பின்சக்கரம் வழுக்குது: பேட்டரியை நகர்த்துங்க

தம்பி, ரோபோ மொத்தம் 4 கிலோ, பின்னால ரெண்டு மோட்டார் சக்கரம், முன்னால காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்புற, மோட்டார் இல்லாத சின்னச் சக்கரம்), பேட்டரி காஸ்டருக்கு மேல. சேலம் போட்டியில் எதிராளி ரோபோவைத் தள்ளும்போது சக்கரம் சும்மா சுத்துதுன்னு எழுதியிருக்கீங்க. டயரை மாத்த அவசரப்படாதீங்க.

முதல்ல பின்சக்கரம் ரெண்டையும் சமையல் தராசுல வையுங்க. காஸ்டருக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுங்க. சாய்ஞ்சா அளவு தப்பும். 1.8 கிலோ காட்டுதுன்னு வெச்சுக்கலாம். டயரோட பிடிப்பைச் சொல்ற உராய்வு எண் 0.8 என்றால் தள்ளுவிசை 1.44 கிலோதான். காஸ்டர் சுமக்கிற 2.2 கிலோ தள்ள உதவாது.

உங்க 800 கிராம் பேட்டரியை 15 செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்க. பின்சக்கரத்துக்கும் காஸ்டருக்கும் இடைவெளி 20 செ.மீ. என்பதால் 600 கிராம் பின்னுக்கு வரும்: 2.4 கிலோ, விசை 1.92. ஒரு பைசா செலவில்லை!

முழுசும் பின்னால ஏத்திடாதீங்க. 5 செ.மீ. உயரத்தில் தள்ளினாலே இன்னும் அரை கிலோ பின்னுக்குப் போகும், மூக்கு தூக்கிடும். காஸ்டர்ல 1 கிலோவாவது நிக்கட்டும், பேட்டரி முடிஞ்ச அளவு தாழ்வா இருக்கட்டும்.

முக்கியமா ஒண்ணு: இதுவரை சக்கரம் வழுக்கினதுதான் மோட்டாரைக் காப்பாத்திச்சு. இனி பிடிப்பு கூடினா மோட்டார் நின்னுபோய் கரண்ட் ஏறும். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற எல்298என் டிரைவர் சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். மோட்டாரோட ஸ்டால் கரண்ட்டை (சுத்தாம நின்னுபோனா இழுக்கிற கரண்ட்) பார்த்துட்டு பேட்டரியை நகர்த்துங்க.