திருச்சியில் மாநிலப் போட்டி, அப்பா விடமாட்டேன் என்கிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறேன். மாநிலப் போட்டிக்காகத் திருச்சியில் மூன்று நாள் தங்க வேண்டும். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், ரொம்பக் கண்டிப்பு. "பொம்பளப் பிள்ளை வெளியூர்ல தங்குறதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அழுது பார்த்தேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: முதலில் சாப்பிடும்மா. பட்டினி கிடந்து வாங்கும் சம்மதம் ஒரு தடவைக்குத்தான் செல்லும். அடுத்த முறை கேட்கும்போது "போன வாட்டியும் இப்படித்தானே சாதிச்ச" என்றுதான் பேச்சே தொடங்கும்.

உன் அப்பாவுக்கு வாலிபால் மேல் கோபம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மீன் ஏலம் போடும் இடத்தில் நாளைக்கு ஒருவர் "மகளை எங்க, ஆளையே காணோம்?" என்று கேட்பார். பெரியப்பா போன் போட்டுக் கேட்பார். யாரோடு போனாள், எங்கே தங்குகிறாள், எப்போது வருவாள் என்பது தனக்கே தெரியாதபோது அவர் என்ன பதில் சொல்வார்? "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அந்தச் சங்கடமே வராது. ஊருக்குச் சொல்ல அவருக்கு ஒரு பதில் வேண்டும். அதைத் தயார் செய்து கொடுப்பதுதான் உன் வேலை.

ஒரு தாளில் எழுது. கூட வரும் பி.டி. டீச்சர் யார், அவர் போன் நம்பர். பெண் ஆசிரியர் யாரும் வரவில்லை என்றால் அதைத் தலைமை ஆசிரியரிடம் நீயே கேள். அப்பா கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. மாணவிகளைத் தங்கவைக்கும் இடம் எது, அது ஆட்டம் நடக்கும் மைதானத்திலிருந்து எவ்வளவு தூரம். பஸ்ஸா ரயிலா, எந்த நேரம் கிளம்பி எந்த நேரம் திரும்புவது. உங்கள் தெருவிலிருந்தோ பக்கத்திலிருந்தோ வேறு யார் வருகிறார்கள். பணம் எவ்வளவு, அதில் பள்ளி தருவது எவ்வளவு. இதை வாயால் ஒப்பிப்பதைவிடத் தாளாகக் கையில் கொடுப்பது நல்லது. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசிக்கலாம், அம்மாவிடம் காட்டலாம்.

அப்புறம், எப்போது கேட்பது? திங்கள், புதன், சனி என்று படகு கிளம்பும் நாள்கள் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மீன்வளத்துறையில் கடலுக்குப் போக டோக்கன் வாங்கி, டீசல், ஐஸ் ஏற்றிக் கிளம்பும் அவசரத்தில் கேட்டால் கிடைக்கும் பதில் உனக்கே தெரிந்ததுதான். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கரைக்கு வந்த காலையிலும் கேட்காதே. புதன் போனவர் வியாழன் வந்து மீனை இறக்கி, கணக்கு முடித்து, தூங்கி எழுந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நல்ல நேரம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிப் படகெல்லாம் கட்டிக் கிடக்கும் வாரத்தில் ஆள் வீட்டில்தான் இருப்பார், ஆனால் வருமானம் இருக்காது. அப்போது செலவு வைக்கும் பேச்சை எடுக்காமல் இருப்பது உத்தமம்.

அம்மாவிடம் முதலில் சொல். தாய்மாமாவைக் கூட்டி வந்து பேசவைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்; நாலு பேர் முன்னால் மடக்கினால் கண்டிப்பான மனிதர் இன்னும் இறுகிவிடுவார்.

விளையாட்டால் படிப்பு கெடும் என்று அவர் நினைத்தால் இதைச் சொல்லலாம்: தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இந்தப் போட்டிக்குப் போனாலே அதெல்லாம் கிடைத்துவிடும் என்று மட்டும் அளக்காதே. எந்த நிலைச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பதை டீச்சரிடம் கேட்டு, உள்ளதைச் சொல்.

ஸ்வீடனில் மார்கரெட் கெர், ஹோகன் ஸ்டாட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து 2000-இல் ஒன்றைச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி கண்காணித்துத் தெரிந்துகொண்டது இல்லையாம். பிள்ளைகளே வந்து சொன்னதாம். உனக்கு இதில் காரியம் இருக்கிறது. திருச்சிப் பேச்சை எடுப்பதற்கு முன்பே பயிற்சியில் நடப்பதையும், யாரோடு பழகுகிறாய், இன்றைக்கு ஏன் லேட் என்பதையும் கேட்காமலே சொல்லிப் பழகு. நாலு வாரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு ஒருநாள் தாளை நீட்டினால் யாருக்கும் சந்தேகம்தான் வரும்.

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக் கிளம்புவதும், சம்மதக் கடிதத்தில் அப்பா கையெழுத்தை நீயே போடுவதும் கூடவே கூடாது. வழியில் ஒரு சின்ன விபத்து என்றால் பள்ளி முதலில் கூப்பிடுவது அப்பாவைத்தான். அந்தப் போனோடு உன் விளையாட்டே முடிந்துவிடலாம்.

அவர் நிபந்தனை போட்டால், பாதிக் கதவு திறந்துவிட்டது என்று எடுத்துக்கொள். அம்மாவும் கூட வரட்டும் என்றால் வரட்டும். ராத்திரி எட்டு மணிக்குப் போன் என்றால் எட்டு மணிக்கே போன். கடலுக்குப் போனவர் சொன்ன நேரத்துக்குக் கரை வராவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தத் தடவை காத்திருக்கப்போவது அவர்.

இவ்வளவுக்கும் பிறகு மறுத்தால், "என்ன இருந்தா அனுப்புவீங்கப்பா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள். அவர் சொல்வதை டீச்சரிடம் கொண்டுபோ; டீச்சரோ தலைமை ஆசிரியரோ வீட்டுக்கு வந்து பேசுவது பல வீடுகளில் பலித்திருக்கிறது. மறுப்பு அடியாக மாறினாலோ, படிப்பை நிறுத்துகிறேன், கல்யாணம் பேசுகிறேன் என்று போனாலோ அது வேறு விஷயம். அப்போது தயங்காமல் 1098-ஐக் கூப்பிடு. குழந்தைகள் உதவி எண் அது, 18 வயதுக்குள் இருக்கும் யாரும் கூப்பிடலாம், காசு கிடையாது.