நூலகத்துக்கு வந்த பழைய கணினிகள் தேறுமா?

கேள்வி: ஊர் நூலகத்துக்கு 2012 வாக்கில் வாங்கிய பத்துக் கணினிகளை யாரோ கொடுத்திருக்கிறார்கள். நெட் விட்டுவிட்டுத்தான் வருகிறது. பிள்ளைகளுக்குப் பயன்படுமா?

தாராளமாகப் பயன்படும். பத்தையும் ஓட வைக்கப் பார்க்காதீர்கள். எட்டை ஓட்டி, இரண்டை உதிரிபாகத்துக்கு வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போடுங்கள். போடும் காசுக்கு அதிகப் பலன் இதில்தான். ரேம் 4 ஜிபியாவது வேண்டும். அந்தக் காலத்து மதர்போர்டுகளில் பெரும்பாலும் டிடிஆர்3 வகை ரேம்தான். டிடிஆர்4 வாங்கினால் ரேமின் அடியில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், உள்ளே இறங்காது. இயங்குதளத்துக்கு, இலவசமாகக் கிடைக்கும் இலகுவான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போதும்.

மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதியைத் திருத்தும்வரை பிரவுசர் தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று தடுக்கும். நெட் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை மாற்றுவது வீண் செலவு.

நெட் இல்லாத நேரத்துக்கு கிவிக்ஸ் இருக்கிறது; இறக்கி வைத்த விக்கிப்பீடியா போன்ற தளங்களை நெட் இல்லாமலே படிக்க உதவும் இலவச மென்பொருள் அது. தமிழ் விக்கிப்பீடியா, விக்சனரி கோப்புகளை நல்ல நெட் உள்ள இடத்தில் இறக்கி, ஒரு கணினியில் கிவிக்ஸ் சர்வராக ஓட்டுங்கள். மற்றவை ரவுட்டர் வழியாக அதையே திறக்கும். அந்தக் கணினிக்கு மட்டும் நிலையான ஐபி (மற்றவை அதைக் கண்டுபிடிக்கும் மாறாத எண் முகவரி) கொடுங்கள். இல்லாவிட்டால் முகவரி மாறி, ஒரு நாள் எதிலும் பக்கம் திறக்காது.

தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் கணினிகளில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். தமிழில் தேடத் தெரிந்த பிள்ளைதான் மறுநாளும் வரும்.