கவனிக்கப்படாத சுரங்கம்: வாங்கலாமா? (கேள்வி-பதில்)

கே: ஒரு சிறு நிறுவனத்திடம் வெள்ளியும் மாலிப்டினமும் கிடைக்கும் பழைய சுரங்க நிலம் இருக்கிறது. "சந்தை கவனிக்கத் தவறிய சொத்து" என்கிறார்கள். பங்கு விலையும் அடிமட்டத்தில் இருக்கிறது. முதலீடு செய்யலாமா?

ப: "கவனிக்கத் தவறிய" என்பது விற்பவரின் சொல். பழைய சுரங்கம் என்றால் ஏற்கெனவே யாரோ வந்து துளை போட்டுப் பார்த்து, கணக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் போனார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

நல்ல காரணமும் இருக்கலாம். மாலிப்டினம் எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் உலோகம். 2005-இல் அது ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) 30 டாலரைத் தாண்டியது. 2008 முடிவதற்குள் 10 டாலருக்குக் கீழே விழுந்தது. அப்படிப்பட்ட சரிவில் கைவிடப்படும் நிலத்தில் கல் கெட்டுப்போவதில்லை, விலைதான் கெட்டது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கிளைமாக்ஸ் உலகப் புகழ்பெற்ற மாலிப்டினம் சுரங்கம். அதுவே பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2012-இல்தான் மறுபடி உற்பத்திக்கு வந்தது. ஆனால் தாது சரியாகப் பிரியவில்லை, தண்ணீர் இல்லை, சாலை இல்லை என்று விட்டுப் போயிருந்தால், விலை ஏறினாலும் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உலகில் எடுக்கப்படும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கச் சுரங்கங்களில் துணைப்பொருளாக வருவது. மாலிப்டினத்திலும் பெரும்பங்கு செம்புச் சுரங்கங்களின் துணைப்பொருள்தான். செம்பு போன்ற முதன்மை உலோகத்தை விற்றே அந்தச் சுரங்கக்காரர்களுக்குச் செலவு கட்டிவிடுகிறது. அதனால் இவற்றின் விலை விழுந்தாலும் உற்பத்தியை நிறுத்த மாட்டார்கள். நீங்கள் பார்க்கும் சுரங்கமோ இந்த இரண்டை மட்டுமே நம்பிப் பிழைக்க வேண்டும். அதோடு, மாலிப்டினம் தாதுவை வறுத்து ஆக்ஸைடு ஆக்கிய பிறகுதான் எஃகு ஆலைகள் வாங்கும். அந்த வறுப்பு ஆலை எங்கே இருக்கிறது, என்ன கூலி கேட்கிறது என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

கே: மாலிப்டினத்தைத் தங்கம் போல வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். திரும்ப விற்கப் போனால் வாங்க ஆள் கிடைக்காது.

கே: "30 மீட்டர் நீளத்துக்கு டன்னுக்கு 100 கிராம் வெள்ளி" என்று துளையிட்ட சோதனையின் முடிவை அறிவித்திருக்கிறார்கள். நண்பர்கள் எல்லோரும் பெரிய செய்தி என்கிறார்கள். உண்மையா?

ப: இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிவிப்பின் கீழே, சின்ன எழுத்தில், "இதில் அடங்கியது" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். "இதில் அடங்கியது: 1 மீட்டருக்கு, டன்னுக்கு 2,710 கிராம்" என்று இருந்தால் பேனாவை எடுங்கள். 30 மீட்டரையும் 100 கிராமையும் பெருக்கினால் மொத்தம் 3,000. அந்த ஒரு மீட்டரே 2,710 கொடுத்துவிட்டது. மிச்சம் 29 மீட்டருக்கு 290, அதாவது டன்னுக்கு வெறும் 10 கிராம். கையளவு நல்ல கல்லைச் சுற்றிலும் வெறும் பாறை. சராசரி பொய் சொல்லவில்லை, ஆனால் படிப்பவர் மனதில் பொய்யை உருவாக்குகிறது. அப்புறம், துளை தாது அடுக்கைச் சாய்வாக வெட்டினால் அந்த அடுக்கின் உண்மையான தடிமன் அந்த 30 மீட்டரைவிடக் குறைவாகவே இருக்கும். அதையும் தேடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு வெள்ளிச் சுரங்கப் பங்கை இப்படித்தான் வாங்கினேன். தலைப்பை மட்டும் படித்தேன். கீழே இருந்த அந்த வரியைப் படித்தது விலை மூன்றில் ஒன்றாக இறங்கிய பிறகு.

அடுத்தது, "மலைக்குள் இத்தனை கோடி டாலர் உலோகம்" என்ற பேச்சு. டன்னையும் கிராமையும் சந்தை விலையையும் பெருக்கி வரும் தொகை அது. தோண்டும் செலவு, அரைக்கும் செலவு, பிரிக்கும்போது வீணாவது, வரி எதுவும் அதில் கழிக்கப்படவில்லை. சுரங்க நிறுவனங்கள் தாது பற்றி எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் கனடாவின் 43-101 விதி இப்படிப் பெருக்கிச் சொல்வதையே தடை செய்கிறது. அந்த விதி சும்மா வரவில்லை. இந்தோனேசியாவின் புசாங்கில் பெருந்தங்கம் இருக்கிறது என்று கனடாவின் பிரே-எக்ஸ் நிறுவனம் சொன்னது. துளையிட்டு எடுக்கும் உருளைக் கல்லை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைப்பது தொழில் வழக்கம். அங்கே முழுக் கல்லையும் பொடித்துவிட்டார்கள். சரிபார்க்க மறுபாதியே இல்லை. மாதிரிகளில் தங்கத்துகள் வெளியிலிருந்து கலக்கப்பட்டது என்பது 1997 மே மாதம் தனிச் சோதனையில் தெரிந்தது. அதற்குள் எத்தனையோ பேரின் சேமிப்பு போய்விட்டது. 43-101 வந்தது 2001-இல். எனவே நீங்கள் கேட்க வேண்டியது: மறுபாதிக் கல் எங்கே இருக்கிறது, வேறு ஆய்வகம் அதைச் சோதித்ததா?

கே: அறிக்கையில் "வளம்" என்று ஓரிடத்திலும் "இருப்பு" என்று வேறிடத்திலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லை. நிலத்தில் இருப்பதாக மதிப்பிட்டது வளம். லாபத்தோடு எடுக்க முடியும் என்று கணக்குப் போட்டு நிறுவியது இருப்பு. வளத்திலேயே "அனுமானிக்கப்பட்டது" என்பது கடைசிப் படி. சில துளைகளை வைத்து ஊகித்தது. உங்கள் நிறுவனம் காட்டுவது முழுக்க அந்தக் கடைசிப் படிதானா என்று பாருங்கள்.

கே: ஒரு வீடியோ பார்த்துவிட்டு, ஓய்வுக்காலப் பணத்தில் பாதியை ஒரு சுரங்கப் பங்கில் போட்டேன். அறிக்கை எதையும் படிக்கவில்லை. இப்போது விலை பாதி. இன்னும் வாங்கி, என் சராசரி வாங்கிய விலையைக் குறைக்கலாமா?

ப: கூடாது. முதல் பாதியைப் படிக்காமல் போட்டீர்கள், மறுபாதியையும் அப்படியே போடக் கேட்கிறீர்கள். வீடியோ போட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்ததா என்று கீழே எழுதியிருக்கலாம், அதைக்கூடப் பார்க்கவில்லை. இன்றே உட்கார்ந்து கடைசி மூன்று ஆண்டு நிதி அறிக்கைகளை எடுத்து, மொத்தப் பங்கு எண்ணிக்கை எவ்வளவு ஏறியது என்று மட்டும் பாருங்கள். வருமானமே இல்லாத சுரங்க நிறுவனம் புதுப் பங்கு விற்றுத்தான் வண்டி ஓட்டும். நான் வைத்திருந்த இன்னொரு பங்கில் மூன்றே ஆண்டில் அந்த எண்ணிக்கை நான்கு மடங்கானது. நிறுவனத்தில் என் உரிமை வீதம் கால்வாசியாகச் சுருங்கியது. பார்த்துவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கே: என் கணவர் இறந்த பிறகு வந்த பணத்தை, வெள்ளிச் சுரங்கத்தில் பங்கு தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்தேன். ஆள் காணவில்லை. நேற்று வேறொருவர் போன் செய்து, "உங்கள் பணம் முடங்கியிருக்கிறது, வரி கட்டினால் மீட்டுத் தருகிறேன்" என்கிறார். கட்டலாமா? என் முட்டாள்தனம்தான் எல்லாம்.

ப: அம்மா, ஒரு பைசாவும் கட்டாதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது; அதை வாங்கியவர்கள்தான் மீட்புப் பேச்சோடு வருகிறார்கள். பல நேரம் முதலில் பறித்தவரேதான் இரண்டாவது குரலும். உண்மையான எந்த அமைப்பும் பணத்தைத் திருப்பித் தர முன்பணம் கேட்காது.

முட்டாள்தனம் என்று சொல்லாதீர்கள். துக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வந்தவன் செய்தது குற்றம். அவன் அனுப்பிய செய்திகள், பணம் போன வங்கி விவரம், நேற்று வந்த எண் எல்லாவற்றையும் அழிக்காமல் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். வங்கிக்கு இன்றே சொல்லுங்கள். பணம் போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அதே தாளின் நகலோடு காவல் துறையிலும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பிலும் புகார் கொடுங்கள். தனியாகப் போக வேண்டாம், நம்பகமான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம்.