வளரும் நாடுகளில் வறுமையைக் குறைக்கத் தகவல் தொழில்நுட்பத்தால் முடியுமா? பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கணினியும் இணையமும் கைப்பேசியும் ஏழை நாடுகளில் வறுமையைக் குறைத்ததற்கு மெய்யான சான்று உண்டா, இல்லை இதெல்லாம் மாநாட்டுப் பேச்சுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். சான்று உண்டு, சில இடங்களில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்குகளைப் படித்துவிட்டு எங்கள் ஊர்ச் சந்தைக்குப் போனால், அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வி எழும். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் ஏழெட்டு ஆண்டுகளாக இ-சேவை மையம் நடத்துகிறவள் நான். பலகையில்தான் அது மையம். ஊரில் ‘ஆன்லைன் கடை’ என்றால்தான் தெரியும். அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படுவது கேரளத்து மீன் சந்தை. 1997-க்கும் 2001-க்கும் இடையில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டக் கடற்கரைகளில் கைப்பேசிக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கரையோரக் கோபுரத்தின் அலை கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியதால், மத்தி பிடித்துத் திரும்பும் மீனவர்கள் படகில் இருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று விசாரித்து, விலை உள்ள துறைக்குப் படகைத் திருப்பத் தொடங்கினார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு துறையில் வாங்க ஆளின்றி மீனைக் கடலிலேயே கொட்டிக்கொண்டிருக்கும் அதே காலையில், சில கல் தொலைவில் இன்னொரு துறையில் மீன் போதாமல் வியாபாரிகள் வெறுங்கூடையோடு நின்றிருப்பார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் வாரந்தோறும் திரட்டிய விலைகளைக் கொண்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீனவர்களின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. மீன் வாங்கியவர்கள் கொடுத்த விலை 4 விழுக்காடு இறங்கியது. மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றேபோனது. விற்றவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம் என்பது அரிதாகவே நடப்பது. அதுவும் அரசு மானியம் எதுவும் இல்லாமல், மீனவர்கள் தம் சொந்தக் காசில் வாங்கிய கைப்பேசியால் நடந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் நினைவுதான் வந்தது. அவர் இரண்டு ஏக்கரில் தக்காளி போடுகிறவர். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளிச் சந்தை உண்டு. எல்லை தாண்டினால் கோலாரில் அவற்றைவிடப் பெரிய சந்தை இருக்கிறது. சந்தை விலைகளைக் காட்டும் தமிழக அரசின் உழவன் செயலி 2018-இல் வந்தபோது அவருடைய கைப்பேசியில் அதை ஏற்றிக் கொடுத்தவள் நான்தான். செயலி இல்லாவிட்டாலும் குறையில்லை, ஓட்டுநர்களும் வியாபாரிகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் விடியுமுன்பே விலை வந்துவிடும்.

ஒருநாள் காலை, வண்டியை வெளியே நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார். “ஏம்மா, கோலார்ல பெட்டி என்ன போகுதுன்னு பாரு” என்றார். பார்த்துச் சொன்னேன், பாலக்கோட்டு விலையைப் போல ஒன்றரை மடங்கு. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர், “சரி, தெரிஞ்சுக்கிட்டாச்சு” என்று சொல்லிவிட்டுப் பாலக்கோட்டுக்கே வண்டியை விட்டார். நாற்றுக்கும் உரத்துக்கும் செடியைத் தூக்கிக் கட்டும் குச்சிக்கும் சணலுக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். முன்பணம் வாங்கியவர் சரக்கை அந்த மண்டியில்தான் இறக்க வேண்டும். மாலையில் அவர் கொண்டுவந்த சீட்டில், பெட்டிக் கணக்குக்குக் கீழே கமிஷன், இறக்குக் கூலி, முன்பணக் கழிவு என்று வரிசையாகக் கழித்துக் கடைசியில் எழுதியிருந்த தொகை, அன்றைக்குப் பழம் பறித்த ஆட்களின் கூலியைவிடச் சற்றுத்தான் கூடுதல். கோலார் விலை அவர் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியில் அப்படியே இருந்தது.

மண்டிக்காரரை வில்லனாக்கிவிட்டு இந்தக் கதையை முடிப்பது எளிது, ஆனால் நியாயமாகாது. நள்ளிரவில் மருத்துவமனைச் செலவுக்குப் பத்தாயிரம் வேண்டுமென்றால் கதவைத் தட்டக்கூடிய வீடு அவருடையது. எந்த வங்கியும் அந்நேரத்துக்குத் திறந்திருப்பதில்லை. நான் சொல்ல வருவது வேறு. கேரளத்து மீனவருக்கு விலை தெரிந்ததும் திருப்புவதற்குப் படகு இருந்தது, அதைத் தடுக்கப் பெரும்பாலும் யாரும் இல்லை. சித்தப்பாவுக்கு விலை தெரிந்தது. வண்டியின் திசையைத் தீர்மானிக்கும் உரிமைதான் அவரிடம் இல்லை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பழுத்த தக்காளி விலை ஏறும் நாளுக்காகக் காத்திராது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்ற அதே பழம், வரத்து பெருகிய வேறொரு பருவத்தில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் கொல்லையிலேயே விடப்பட்டு மாடு மேய்ந்ததை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. வைத்திருந்து விற்கக் குளிர்பதனக் கிடங்கு இல்லாதவனுக்கு விலைத் தகவல் வயிற்றெரிச்சலைத்தான் கூட்டும்.

ஆகவே, ஒரு தொழில்நுட்பம் ஏழையின் வருமானத்தைக் கூட்டுமா என்று யாராவது கேட்டால், தகவல் கைக்கு வந்த அடுத்த நிமிடத்தில் அவரால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் நான் திருப்பிக் கேட்பேன்.

பணம் அனுப்பும் விஷயத்தில் கதை சற்று நம்பிக்கையூட்டுகிறது. கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா, சாதாரணக் கைப்பேசியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவதுபோலப் பணம் அனுப்பும் முறை. அதைப் பற்றித் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 1,94,000 குடும்பங்கள், அதாவது அந்நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ 2 விழுக்காடு, அதனால் வறுமையிலிருந்து மீண்டன என்று மதிப்பிடுகிறது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் பலன் கூடுதலாக இருந்தது. பல பெண்கள் வயல்வேலையை விட்டுச் சிறு வியாபாரத்துக்கு மாறினார்கள். இந்த ஆய்வில் என் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. பலனை அவர்கள் அளந்ததே, வீட்டுக்கு அருகில் எத்தனை முகவர் கடைகள் வந்தன என்பதை வைத்துத்தான். கைப்பேசி பலரிடமும் இருந்தது. காசை வாங்கி எண்ணிப் போடவும் எண்ணிக் கொடுக்கவும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்த இடத்தில் வாழ்க்கை மாறியது.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. தெலங்கானா பிரியாத ஆந்திரத்தில் நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் கைரேகை அட்டை வழியாகக் கொடுத்தபோது, கூலி முன்பைவிட விரைவாகக் கைக்கு வந்ததையும் இடையில் களவுபோவது குறைந்ததையும் பெரிய அளவில் ஆராய்ந்து உறுதி செய்திருக்கிறார்கள். அங்கே கருவியை வைத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே பணம் கொடுத்தவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் நடத்திய கிராம அறிவு மையங்களும் இதே வழியில் போனவைதான். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் கடற்கரைக்கே கேட்கும்படி அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா என்பதை மீனவர் தாமே முடிவுசெய்ய அது போதுமானதாக இருந்தது. ஒலிபெருக்கியைப் பழைய கருவி என்று யாரும் ஒதுக்கவில்லை.

என் கடைக்கு மாதாமாதம் ஒரு பாட்டி வருவார். 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்த முதியோர் உதவித்தொகையைக் கைரேகை வைத்து எடுக்க வருகிறவர். அவருக்கு வேலை, புளி தட்டிக் கொட்டை எடுப்பது. இந்த மாவட்டத்தில் அந்த வேலை செய்யாத பாட்டியைக் காண்பது கடினம். ஆண்டுக்கணக்காகப் புளியோடு பழகிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? முதலில் கட்டைவிரல், பிறகு ஆள்காட்டி விரல், பிறகு மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக வைப்போம். ஈரத்துணியால் துடைத்து, சேலைத் தலைப்பில் ஒற்றி, மறுபடியும் வைப்போம். “எடுக்கலியா கண்ணு?” என்று கேட்டபடி, தப்புச் செய்துவிட்டவர்போலத் தன் கையையே பார்ப்பார். பெரும்பாலும் இடது கை மோதிர விரலில் விழுந்துவிடும். விழாத மாதத்தில், கையில் கணக்குப் புத்தகத்தோடு பேருந்து ஏறி வங்கிக்குப் போக வேண்டும். போகவர ஒரு பகல். அவரைப் பொறுத்தவரை தகவல் தொழில்நுட்பம் என்பது அந்த மோதிர விரல்தான்.

பணம் வழிமாறிப்போன கதையும் உண்டு. எங்கள் ஊர்ப் பெண் ஒருவர், நூறு நாள் வேலைக் கூலி மூன்று மாதமாக வரவில்லை என்று வந்தார். அலுவலகத்தில் கேட்டால், அனுப்பியாயிற்று என்று கணினி சொல்கிறது. வங்கியில் கேட்டால், வரவில்லை என்று அங்கிருக்கும் கணினி சொல்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஆதார் வழியாக அனுப்பும் பணம், அந்த எண்ணோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். அவர் கணவரோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தபோது சிம் வாங்கக் கைரேகை வைத்திருக்கிறார். அந்த ரேகையிலேயே, அவருக்குத் தெரியாமல், ஒரு கணக்கும் திறந்து இணைத்துவிட்டார்கள். எந்தக் கணக்கு என்று இணையத்தில் பார்க்கலாமே என்றால், கடவு எண் தொலைந்துபோன பழைய கைப்பேசி எண்ணுக்குப் போகிறது. முதலில் அந்த எண்ணை மாற்ற ஒரு நாள், பிறகு கணக்கைக் கண்டுபிடிக்க ஒரு நாள், இணைப்பைத் திருப்ப வங்கியில் ஒரு நாள் என மூன்று நாள் கூலி போனது. பணம் கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத ஊர்களில் அந்தப் பணம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதே வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களிலும் நாளுக்கு இருமுறை செயலியில் படமெடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. போலி வருகையைத் தடுக்கும் நோக்கம் நல்லதுதான். மலையூர்களில் சிக்னலுக்காக மேடு தேடி அலைகிற பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். மேலேயிருப்பவர் கீழேயிருப்பவரைக் கண்காணிக்கக் கருவிகள் விரைவாக வந்துவிடுகின்றன. கீழேயிருப்பவர் மேலே கேள்வி கேட்பதற்கானவை அவ்வளவு விரைவாக வருவதில்லை என்பது என் அனுபவம்.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டாலே போதும் என்ற நம்பிக்கையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெரு நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு இலட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வந்த மதிப்பீட்டில் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் தென்படவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம்களை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். செப்டம்பர் 15 அன்று பணம் கணக்குகளுக்குப் போகத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரண்டே மாதத்தில் இப்படிப் பணம் சேர்ப்பதைத் தாளும் பேனாவும் கொண்டு செய்திருக்கவே முடியாது. அந்த வாரங்களில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பதிவு செய்த தன்னார்வலர்களின் உழைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சித்தப்பாவின் கதையில் பிறகு ஒரு மாற்றம் வந்தது. சென்ற பருவத்துக்கு முன்பு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டாவை என் கடையிலேயே ஐந்து நிமிடத்தில் எடுத்தோம். என்ன பயிர் போட்டிருக்கிறது என்று காட்டும் அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு முறை நடந்தோம். கடன் கிடைத்தது. ஒரு ஏக்கருக்கு மட்டும் மண்டியில் முன்பணம் வாங்கினார், மற்ற ஏக்கரின் பழம் அவர் விருப்பப்படி. அதற்குப் பிறகுதான் விலையை மெய்யாகவே கவனித்துக் கேட்க ஆரம்பித்தார். மூன்று முறை பக்கத்துக் கொல்லைக்காரரோடு வண்டியைப் பங்கு போட்டுக் கோலாருக்கு ஏற்றினார். இரண்டு முறை நல்ல விலை. மூன்றாம் முறை வண்டி போய்ச் சேர்வதற்குள் விலை இறங்கிவிட்டது. வண்டி வாடகைதான் மிச்சம். அடுத்த நாள் காலையிலும் கடைக்கு வந்து, “கோலார்ல என்ன போகுது, பாரு” என்றார்.