பல்கலைக்கழகத் திட்டமிடல் பிரிவில் இருக்கும் உதவிப் பதிவாளர் மேலே வர எதைப் படிக்க வேண்டும்?

தில்லியிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் திட்டமிடல் பிரிவுக்கு மாற்றப்பட்ட உதவிப் பதிவாளர் நீங்கள். அடுத்த நிலைக்குச் செல்ல எம்.பி.ஏ. படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் செக்‌ஷன் ஆஃபீசராகச் சேர்ந்து, இன்று துணைப் பதிவாளராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டத்தையும், அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளான ஸ்டாட்யூட்களையும் ஆர்டினன்ஸ்களையும் வரி வரியாகப் படியுங்கள். பட்டத்தைப் பிறகு பார்க்கலாம்.

நான் உதவிப் பதிவாளரான புதிதில், ஒரு துறைக்கு மூன்று புதிய பணியிடங்கள் கோரும் முன்மொழிவை பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான எக்ஸிக்யூட்டிவ் கவுன்சிலின் அஜெண்டாவில் சேர்த்தேன். ஃபைலின் குறிப்புத் தாளான நோட் ஷீட்டில் துறைத் தலைவர் முதல் துணைவேந்தர் வரை எல்லோரும் கையெழுத்திட்டிருந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை. கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், "இது ஃபைனான்ஸ் கமிட்டிக்குப் போய் வந்ததா?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை. பணியிடங்களை உருவாக்கும் முன்மொழிவுகளையும் பட்ஜெட்டில் இல்லாத இனங்களையும் எக்ஸிக்யூட்டிவ் கவுன்சில் எடுத்துக்கொள்ளும் முன் நிதிக் குழுவான ஃபைனான்ஸ் கமிட்டி ஆராய்ந்திருக்க வேண்டும் என்று ஸ்டாட்யூட்டிலேயே எழுதியிருந்தது. அந்தப் பொருள் திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்த கமிட்டி கூடி, அடுத்த கவுன்சில் கூடி ஒப்புதல் கிடைப்பதற்குள் ஒரு கல்வியாண்டு கடந்துவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் அந்தத் துறை விருந்தினர் ஆசிரியர்களைக் கொண்டே வகுப்புகளை நடத்தியது. அந்த மாணவர்களுக்கு நேர்ந்த இழப்பில் என் பங்கு உண்டு என்பதை நான் மறக்கவில்லை.

பாடத்திட்டம், சேர்க்கை, தேர்வு தொடர்பான ஆர்டினன்ஸின் வரைவு, கல்விக் குழுவான அகடமிக் கவுன்சிலிலிருந்து வர வேண்டும். ஸ்டாட்யூட்டைத் திருத்துவதென்றால் விசிட்டரான குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். எந்த ஃபைல் எந்த வழியில் போகும், எத்தனை கூட்டங்களைத் தாண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பப் பின்னோக்கித் தேதிகளைக் குறித்துத் தருபவரைத்தான் பதிவாளர் தன் அறைக்கு அழைத்துப் பேசுவார். ஆர்.கே. புரத்தில் குடியிருந்த, ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரி ஒருவர் எனக்கு இதைக் கற்பித்தார். கடந்த பத்தாண்டுக் கூட்டங்களின் பதிவுகளான மினிட்ஸை வாங்கி, ஒவ்வொரு பொருளும் எந்த விதியின்கீழ் வந்தது, என்ன முடிவானது, அடுத்த கூட்டத்தின் நடவடிக்கை அறிக்கையில் அதற்கு என்ன எழுதினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே சரியாக இருந்தன. எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு அந்த அளவுக்குப் பயன்படவில்லை.

அடுத்தது எண்கள். ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணிக்கை அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் ஒன்றாகவும், மத்திய அரசின் தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தில் ஒன்றாகவும், நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் ஆண்டறிக்கையில் வேறொன்றாகவும் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை; எந்தத் தேதி நிலவரம், ஆய்வு மாணவர்களைச் சேர்த்தார்களா, தொலைநிலை மாணவர்களை விட்டார்களா என்பதில்தான் வேறுபாடு. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே தேதி, வரையறை, தந்த பிரிவு ஆகிய மூன்றையும் குறித்த ஒரு தாளை இன்றே தொடங்குங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கான வளர்ச்சித் திட்டத்தை வகுக்க வேண்டும் என்றது, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அதற்கான வழிகாட்டுதல்களை 2024-இல் வெளியிட்டது. அத்திட்டத்தை வெளி ஆலோசகரிடம் ஒப்படைக்கும் பேச்சு வந்தால், பணியாளர், நிதி ஆகிய இரண்டு அத்தியாயங்களையாவது நீங்களே எழுதக் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் ஸ்ரீ அரவிந்தோ மார்க்கில் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனமான நீபா (NIEPA) இருக்கிறது. 1962-இல் யுனெஸ்கோவின் ஆசிய மண்டல மையமாகத் தொடங்கி, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அந்நிறுவனம் கல்வித் திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்குமென்றே இருப்பது. நம் வேலைக்குப் பொதுவான எம்.பி.ஏ.வைவிட அதுவே பொருந்தும். தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு ஃபைலில் இந்தியில் குறிப்பு எழுதும் நோட்டிங் ஒரு தடைதான். மத்திய அரசுப் பணியாளர்களுக்கான இந்தித் தேர்வுகளான பிரபோத், பிரவீண், பிராக்யா ஆகியவற்றை வரிசையாக எழுதிவிடுங்கள்.

பதவிகளின் கணக்கையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். யு.ஜி.சி. விதித்த தகுதியின்படி, நிர்வாக வழியில் வருபவர் துணைப் பதிவாளராக உதவிப் பதிவாளர் நிலையில் 5 ஆண்டுகளும், பதிவாளராக 15 ஆண்டு நிர்வாக அனுபவமும் அதில் 8 ஆண்டுகள் துணைப் பதிவாளராகவோ அதற்கு இணையாகவோ பணியாற்றிய அனுபவமும் வேண்டும். பதிவாளர் பதவிக்கு வெளிப்படையாக விளம்பரம் செய்தே ஆள் எடுக்கிறார்கள். ஆகவே இருந்த இடத்திலேயே காத்திருப்பதைவிட, வேறு பல்கலைக்கழகங்களின் விளம்பரங்களையும் பார்த்து விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் முறையான வழியில் போக வேண்டும். தடையின்மைச் சான்று, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்னும் விஜிலன்ஸ் சான்று, ஊதிய நிலை குறிப்பிட்ட பணிச் சான்று ஆகியவற்றைக் கடைசி வாரத்தில் கேட்டால் பணியாளர் விவகாரங்களைக் கவனிக்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவால் தர இயலாது. விளம்பரம் வெளிவந்த அன்றே அவற்றை எழுதிக் கேட்டுவிடுங்கள்.