முந்திரித் தோப்பும் மேனேஜ்மென்ட் சீட்டும்

போன வாரம் காடாம்புலியூர் பக்கமிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு மஞ்சக்குப்பத்தில் என் அறைக்கு வந்தது. அப்பா சின்ன அளவில் முந்திரி உடைக்கும் தொழில் செய்கிறார். பெண் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவள், கட்-ஆஃப் 162. சென்னையில் இருக்கும் தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் ஏஐ - டேட்டா சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். விடுதியோடு நான்கு வருடத்துக்கு 18 லட்சம். அதற்காகத் தோப்பை அடகு வைக்க அப்பா தயாராகிவிட்டார். 2011 டிசம்பரில் தானே புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மறுபடி கன்று வைத்து வளர்த்த தோப்பு அது.

"பிள்ளையோட எதிர்காலம் சார், வேற என்ன வழி?" என்றார். கவலைப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் கவலைப்பட வேண்டிய காரியம்தான் இது.

ஐயா, அந்த சீட் வேண்டாம். அந்தப் படிப்பில் குறையில்லை, அந்த விலையில்தான் குறை. கவுன்சிலிங்கில் அருகில் ஏதாவது இன்ஜினீயரிங் கல்லூரி கிடைத்தால் சேருங்கள்; அந்தப் பாதை உங்களுக்கே தெரியும். அது இல்லாமல் இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். 18 லட்சம் கடனோடு வெளியே வரும் பெண், கிடைத்த முதல் வேலையை விட முடியாமல் வட்டி கட்டிக்கொண்டிருப்பாள். மாமா வந்து வட்டி கட்ட மாட்டார். இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் சுருங்கியது. அவருடைய தம்பி ஆயிற்றே! இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

என்ன பிடிக்கும் என்று பெண்ணைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் அம்மாதான் சொன்னார். உடைப்புக்கு வரும் பெண்களின் கூலி நோட்டை இவள் ஒரு நாள் புரட்டியிருக்கிறாள். தராசில் நிறுக்கும்போதே கூடையின் எடையைக் கழித்துவிடுகிறார்கள். நோட்டில் எழுதுகிறவர் மறுபடியும் ஒரு முறை கழிக்கிறார். எத்தனை மாதமாக இப்படி நடந்ததோ, யாருக்கும் தெரியவில்லை. இவள் கணக்குப் போட்டுக் காட்டி, அப்பா பாக்கியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்பா அதை ஏதோ குறும்பு போலச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கண்ணுக்கென்றே ஒரு தொழில் இருக்கிறது.

பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கு நோட்டு. கிரிப்டோ காயின் என்ற டிஜிட்டல் பணம் அதில்தான் ஓடுகிறது. அந்த நெட்வொர்க்குகளில் ஓட்டை கண்டுபிடித்து, திருடன் பார்ப்பதற்கு முன் உரியவர்களிடம் சொன்னால் சன்மானம் தருகிறார்கள். பக் பவுன்ட்டி என்று பெயர். "காயினா சார்? எங்க தெருவுலயே ரெண்டு பேர் ஏமாந்திருக்காங்க" என்றார் அம்மா. நியாயமான பயம். காயின் வாங்குவது வேறு, காயின் இருக்கும் பெட்டியின் பூட்டைச் சோதிப்பது வேறு. இவள் ஒரு காயின்கூட வாங்கத் தேவையில்லை. வாங்கவும் கூடாது.

பூட்டு என்றால் என்ன? ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரல். மேனேஜர், கேஷியர் யாரும் இல்லாமல் அதுவே பணத்தை வாங்கும், கொடுக்கும். பெரும்பாலும் அந்த நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். திருடனும் படிப்பான், உங்கள் பெண்ணும் படிப்பாள். யார் முதலில் பார்க்கிறார்கள் என்பதுதான் போட்டி. 2016 ஜூனில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இருந்த 'த டாவோ' என்ற நிதியிலிருந்து, ஈதர் என்ற அதன் காயினில் சுமார் 36 லட்சத்தை ஒருவர் உருவினார். கூட்டுறவு வங்கியில் கேஷியர் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் பாஸ்புக்கில் கழிக்கிறார் என்று வையுங்கள். கழிப்பதற்குள் அதே ஆள் மறுபடி கையை நீட்டினால்? இருப்பு குறையாமலேதான் இருக்கும், மறுபடியும் கொடுப்பார். அவ்வளவுதான் ஓட்டை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் "முதல்ல கழிச்சிட்டுத்தான் சார் கொடுக்கணும்" என்றாள் பெண். அந்த அறையில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

2021 டிசம்பரில், இந்தியர்கள் தொடங்கிய பாலிகான் நெட்வொர்க்கில் இன்னொன்று. பணம் அனுப்புகிறவரிடம் அவ்வளவு இருப்பு இருக்கிறதா என்று ஓரிடத்தில் நிரல் பார்க்கவே இல்லை. 900 கோடிக்கும் மேற்பட்ட மேட்டிக் காயின்கள் ஆபத்தில் இருந்தன. சொன்னவருக்கு 22 லட்சம் டாலர் கொடுத்தார்கள். சரிசெய்வதற்குள் வேறு யாரோ 8 லட்சம் காயினை எடுத்தும்விட்டார்கள். 2022 பிப்ரவரியில், ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குக் காயினைக் கொண்டுபோகும் வோர்ம்ஹோல் என்ற பாலத்திலிருந்து 32 கோடி டாலர் திருடுபோனது. அதே மாதக் கடைசியில் ஒருவர் அதில் வேறொரு ஓட்டையைக் காட்டினார். நிரலின் ஒரு பகுதி உரிமையாளரே இல்லாமல் திறந்து கிடந்தது. யாராவது அதைக் கைப்பற்றி அழித்திருந்தால் உள்ளே இருந்த பணம் நிரந்தரமாக முடங்கியிருக்கும். அன்றே சரிசெய்தார்கள். சன்மானம் 1 கோடி டாலர்.

அப்பாவின் கண் விரிந்ததைப் பார்த்தேன். ஐயா, அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது லாட்டரி அடித்தவர் கதை மாதிரி. மாதக்கணக்கில் தேடி ஒன்றும் கிடைக்காதவர்கள்தான் அதிகம். ஒரே ஓட்டையை வேறொருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் பைசா வராது. இதைச் சம்பளமாக நினைத்து யாரும் இறங்கக் கூடாது. இரண்டு மூன்று நல்ல அறிக்கைகள் அவள் பெயரில் இருந்தால், நிரலைத் தணிக்கை செய்யும் நிறுவனங்களின் கதவைத் தட்டலாம். அதற்கான வழியாக மட்டும் பாருங்கள்.

செலவு? கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கே வரும். பழைய லேப்டாப் ஒன்று போதும், 16 ஜிபி ராம் இருக்கட்டும். முதலில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி, அப்புறம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டி. ஓப்பன்செப்பலின் நிறுவனம் ஈதர்நாட் என்று ஒரு விளையாட்டை இலவசமாக வைத்திருக்கிறது. 2016இல் நடந்த அதே வகைத் திருட்டை நாமே செய்து பார்க்க அதில் ஒரு கட்டம் உண்டு. ஷெர்லாக் போன்ற தளங்களில் தணிக்கைப் போட்டி முடிந்த பிறகு வெளியாகும் அறிக்கைகளைத் தினம் ஒன்று படிக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவளுக்கு நிரலைவிட ஆங்கில அறிக்கைதான் கஷ்டம். ஆனால் அதில் அலங்காரம் தேவையில்லை. எங்கே ஓட்டை, எப்படி நுழையலாம், எவ்வளவு போகும், எப்படி அடைக்கலாம், இந்த நான்கையும் தெளிவாக எழுதினால் போதும். எத்திகல் ஹேக்கிங் சான்றிதழ் என்று லட்சம் கேட்பவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஃபவுண்ட்ரி என்ற கருவியால் அதன் நகலைத் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சன்மான அறிவிப்பில் எந்தெந்த நிரல் என்று எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் ஆராய்ச்சி இல்லை, ஊடுருவல். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 18 வயது முடியும் வரை பயிற்சி மட்டும், அறிக்கை வேண்டாம். பணம் வந்தால் அப்பாவும் பெண்ணும் முதலில் போக வேண்டியது ஆடிட்டரிடம். கிரிப்டோவாக வந்ததை விற்று லாபம் பார்த்தால் 30 சதவீத வரி, 2022 ஏப்ரலிலிருந்து.

பெண்ணுக்கு ஈதர்நாட்டில் முதல் ஐந்து கட்டங்களைக் கொடுத்திருக்கிறேன், பத்து நாள் கெடு. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும், வேறு பார்ப்போம். அடுத்த முறை மாமாவையும் கூட்டிவாருங்கள். அந்த 18 லட்சத்துக்குக் கல்லூரி எழுதிக் கொடுத்த கணக்கு இருந்தால் கையோடு எடுத்துவரட்டும். அதையும் இவளிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.