போராட்டக்காரி ஆவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அரசியலே தெரியாத நான் எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

பதில்: அரசியல்னு நினைச்சு யாரும் கிளம்புறதில்லைம்மா. எங்க தெரு வாய்க்கால் நாறிச்சு, அவ்வளவுதான். ஊராட்சியில கேட்டா "கட்டியாச்சே"ன்னாங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல அளவுப் புத்தக நகல் கேட்டேன். செஞ்ச வேலையை அளந்து எழுதி வைக்கிற புத்தகம் அது. 60 மீட்டர் கான்கிரீட் வாய்க்கால், கையெழுத்து, முத்திரைன்னு தாள் சுத்தமா வந்துச்சு. தெருவுல எருக்கஞ்செடி. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுத்து தெரியாது, படிச்சுக் காட்டினேன். "என் வாசல்ல கான்கிரீட்டாடி?"ன்னு எழுந்துட்டாங்க. சாயங்காலம் என் திண்ணையில பதினோரு பேர்.

ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்னு ஒரு தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-ல செஞ்சதும் இதுதான். கூலிப் பட்டியலையும் பில்லையும் ஊர் நடுவுல சத்தமா படிச்சாங்க. 1996-ல அங்கே பியாவர் ஊர்ல தகவல் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா. 2005-ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு விதை அங்கேதான்.

கேள்வி: "ஏன் ரோடு போடல?"ன்னு மனு போட்டேன். பதிலே சரியில்லை.

பதில்: ஏன்னு கேட்டா கதைதான் வரும். காகிதத்தைக் கேளுங்க. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா வைங்க.

கேள்வி: மனு போட்டு 30 நாள் தாண்டிடுச்சு, பதிலே இல்லை.

பதில்: அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. ஒப்புகைச் சீட்டு இருக்குல்ல?

கேள்வி: பட்டா மாத்தணும்.

பதில்: எனக்குத் தெரிஞ்ச வேலை இல்லை. தாலுகா ஆபீஸ் போங்க.

கேள்வி: தகவல் கேக்குறவங்க பாதிப்பேர் காசு பறிக்கத்தானே?

பதில்: இருக்காங்க. எங்க பக்கத்துலயே ஒருத்தர் மனு போடுவார், கான்ட்ராக்டரைப் பார்ப்பார், அப்புறம் சத்தமே இருக்காது. அதான் சொல்றேன், வாங்கின தாளை கிராம சபையில படிச்சிடுங்க. ஊரே பார்த்த தாளுக்கு எவன் காசு கொடுப்பான்?

கேள்வி (அதே ஆள்): கிராம சபையா! பரந்தூர் விமான நிலையம் வேண்டாம்னு ஏகனாபுரத்துல எத்தனை தீர்மானம் போட்டாங்க, நின்னுச்சா?

பதில்: அதனால நிக்கல, ஒத்துக்கிறேன். மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்க. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு 2024 நவம்பர்ல கிராம சபைத் தீர்மானம், டிசம்பர்ல சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில மேலூர்ப் பக்கத்து ஜனம் மதுரைக்கே நடந்து வந்துச்சு. அந்த மாசமே ஏலம் ரத்து. தீர்மானம் மட்டும் செஞ்ச வேலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா தீர்மானம் போட உட்கார்ந்த அன்னைக்குத்தான் யார் யார் வருவாங்கன்னு தெரியும்.

கேள்வி (அதே ஆள்): அப்ப கூட்டம்தான் ஜெயிச்சது, காகிதம் இல்லை.

பதில்: கூட்டம் கூட காரணம் வேணும் தம்பி. எங்க ஆச்சி எழுந்தது எதைக் கேட்டுன்னு மேலே படிங்க.

கேள்வி: எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

பதில்: முதல் பதில். படிச்சுட்டுக் கேளுங்கப்பா!

கேள்வி: உங்க வாய்க்கால் என்னாச்சுக்கா?

பதில்: 40 மீட்டர் கட்டிட்டாங்க. மீதிக்கு மனு போட்டு இன்னைக்கு இருபத்தெட்டாவது நாள்.